எட்டு ஜிபி லேப்டாப்பில் இசையும் வீடியோவும்: எந்த மென்பொருளில் தொடங்கலாம்?

வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆரணி பக்கத்தில் எடிட்டிங், ரெக்கார்டிங் என்று கிளம்புகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். “அண்ணா, வீடியோவும் கத்துக்கணும், மியூசிக்கும் கத்துக்கணும். எந்த சாஃப்ட்வேர் போடட்டும்?” கையில் இருப்பது கல்லூரிப் படிப்புக்காக வாங்கிய சாதாரண லேப்டாப். யூடியூபில் ஒருவர் டாவின்சி என்கிறார். ஊரில் கல்யாண வீடியோ மிக்ஸிங் கடை வைத்திருப்பவர் எடியஸ் என்கிறார். நண்பன் எஃப்எல் ஸ்டூடியோவைப் பென்டிரைவில் கிராக்கோடு (உரிமப் பூட்டை உடைத்த நகல்) தருகிறேன் என்கிறான். மூன்றையும் போட்டுப் பார்த்து, மூன்றும் திணறி, “நமக்கு இது வராது போல” என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கம்ப்யூட்டர் எது, நீங்கள் முடித்த வேலை அடுத்து யார் கைக்குப் போகிறது என்ற இரண்டும்தான் மென்பொருளை முடிவு செய்ய வேண்டும். அதோடு, வீடியோதான் வேண்டும் என்று வருகிறவரும் ஒலியை முதலில் கற்றுக்கொள்வது நல்லது. நம் பக்கத்துத் தெருக்கூத்து வீடியோக்களைப் பாருங்கள். படம் தெளிவாக இருக்கும். கட்டியங்காரன் பேசுவது லவுட்ஸ்பீக்கர் இரைச்சலில் கரைந்திருக்கும். முகவீணை மேலே ஏறும்போதெல்லாம் ஒலி உடைந்து கரகரக்கும். விடிய விடிய ஆடிய கலைஞர்களின் உழைப்பு இப்படிப் பதிவாவது எனக்கு உண்மையிலேயே வேதனை. விலை உயர்ந்த கேமரா வாங்கினாலும் இது சரியாகாது.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் மெஷின். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ரேம் எவ்வளவு, தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கிறதா, உள்ளே இருப்பது எஸ்எஸ்டியா பழைய ஹார்ட் டிஸ்க்கா என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றும் தெரியாமல் எந்த மென்பொருளைப் பற்றிப் பேசியும் பயனில்லை. வேலூர்க்காரர்கள் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது. லேப்டாப் சூடேறினால் ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மார்கழியில் ஒழுங்காக ஓடிய ப்ராஜெக்ட் அக்னி நட்சத்திரத்தில் விக்கி விக்கி ஓடுவது இதனால்தான். ஆகவே “என் லேப்டாப்பில் ஓடுகிறது” என்பது போதாது, கொஞ்சம் மிச்சம் வைத்து ஓட வேண்டும்.

அடுத்தது பணம். மொத்த விலையை விட, அது ஒரே தடவையா மாதாமாதமா என்பது முக்கியம். கல்யாண சீசன் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் சந்தா கட்ட வேண்டியிருக்கும்.

மூன்றாவதாக, அடுத்த கை. நீங்கள் பாதி வேலை முடித்து இன்னொருவரிடம் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், அவர் எதைத் திறப்பாரோ அதைத்தான் நீங்களும் வைத்திருக்க வேண்டும். கடைசி வீடியோவை நீங்களே யூடியூபில் ஏற்றப் போகிறீர்கள் என்றால், எதில் செய்தீர்கள் என்று பார்க்கிறவருக்குத் தெரியவே தெரியாது.

நான்காவதாக, தமிழ் எழுத்து. டைட்டில் போடும் இடத்தில் ‘பொன்னை’ என்று யூனிகோடில் அடித்துப் பாருங்கள். கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் சரியாக நின்றால் நிம்மதி. கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் போனால், ஒவ்வொரு டைட்டிலுக்கும் போராட வேண்டும். பல கடைகள் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்களை வைத்துச் சமாளிக்கின்றன. ஆனால் அதில் அடித்ததை யூடியூப் தலைப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகச் சிதறும்.

கடைசியாக, சந்தேகம் வந்தால் கேட்க யார் இருக்கிறார்கள் என்பது. பக்கத்துத் தெருவில் ஒரு மென்பொருளைத் தினமும் ஓட்டுகிறவர் இருந்தால், அது ஆயிரம் யூடியூப் வீடியோவுக்குச் சமம்.

## வீடியோவுக்கு நான்கு வழிகள்

### டாவின்சி ரிசால்வ்

ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் தருவது. இலவசப் பதிப்பிலேயே அல்ட்ரா எச்டி வரை, நொடிக்கு 60 ஃபிரேம் வரை எக்ஸ்போர்ட் செய்யலாம், வாட்டர்மார்க் கிடையாது. எடிட்டிங், கலர், ஃப்யூஷன் கிராபிக்ஸ், ஃபேர்லைட் என்ற ஒலிப் பகுதி எல்லாம் ஒரே கூரைக்குள். நிறுவனமே பயிற்சிப் புத்தகங்களையும் பழகிப் பார்க்க வீடியோக் கோப்புகளையும் இலவசமாக வைத்திருக்கிறது. பணம் கட்டி வாங்கும் ஸ்டூடியோ பதிப்பு 295 டாலர், ஒரே முறை. வீடியோவும் ஒலியும் சேர்த்துக் கற்க விரும்புகிறவருக்கு, காகிதத்தில் பார்த்தால் இதை மிஞ்ச எதுவும் இல்லை.

சிக்கல் மெஷினில்தான். இதற்கு 16 ஜிபி ரேம் வேண்டும், ஃப்யூஷன் பக்கம் போனால் 32. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத 8 ஜிபி லேப்டாப்பில் திறக்கும், ஒரு கிளிப்பை வெட்டவும் விடும். கலர் பக்கத்தில் நாலு நோடு (வண்ணத்தை மாற்றும் படிகள்) போட்டதும் உறைந்து நிற்கும். கற்கிறவர் தன்மேலேயே நம்பிக்கை இழப்பது அந்த இடத்தில்தான்.

புதியவர்கள் கவனிக்காத இன்னொரு விஷயம்: ரிசால்வ் ப்ராஜெக்டுகளைத் தனிக் கோப்புகளாக உங்கள் ஃபோல்டரில் வைப்பதில்லை, தன் சொந்த டேட்டாபேஸுக்குள் வைத்துக்கொள்கிறது. விண்டோஸ் கெட்டுப்போய் கடைக்காரர் ஃபார்மெட் அடித்தால், வீடியோ கோப்புகள் டி டிரைவில் பத்திரமாக இருக்கும், எடிட் செய்த ப்ராஜெக்ட் போயிருக்கும். வாரம் ஒரு முறை ப்ராஜெக்டை எக்ஸ்போர்ட் செய்து வெளி டிஸ்க்கில் வைப்பதை முதல் நாளிலிருந்தே பழக்கமாக்குங்கள். குரலை மட்டும் பிரித்தெடுக்கும் வாய்ஸ் ஐசோலேஷன் இலவசப் பதிப்பில் கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும். கூத்துப் பதிவுக்கு நமக்கு ரொம்பவும் தேவைப்படுவது அதுதான்.

### பிரீமியர் புரோ

அடோபி 2013 முதல் சந்தா முறைக்குப் போய்விட்டது. ஒரே தடவை வாங்கி வைத்துக்கொள்ள வழியில்லை. மாணவர்களுக்குத் தள்ளுபடி உண்டு, படிப்பு முடிந்தால் அதுவும் முடியும். ஒரு வருட ஒப்பந்தத்தை மாதத் தவணையாகக் கட்டும் திட்டத்தைப் பலர் மாதச் சந்தா என்றே நினைத்துச் சேர்ந்துவிடுகிறார்கள். நடுவில் நிறுத்தினால் அதற்கு ஒரு கட்டணம் பிடிப்பார்கள். சேரும் முன் அந்தப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள்.

ஆனாலும் இதற்கு இடம் இருக்கிறது. சென்னையில் விளம்பரம், யூடியூப் சேனல், வெப் சீரிஸ் வேலைக்குப் போக நினைப்பவருக்கு பிரீமியர் தெரிந்திருப்பது பெரிய பலம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், ஃபோட்டோஷாப்போடு சேர்ந்து ஓடுவதால், ஆல்பம் டிசைன் செய்கிறவர்களுக்கும் வசதி. தமிழ் சரியாக வர, அமைப்புகளில் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய்த் தெற்காசிய எழுத்துகளுக்கான டெக்ஸ்ட் எஞ்சினைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இது தெரியாமல்தான் “பிரீமியரில் தமிழ் வராது” என்ற பேச்சு இன்றும் சுற்றுகிறது.

### எடியஸ்

கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்யும் கடைகளில் எடியஸுக்கு நீண்ட காலமாகத் தனி மரியாதை. விண்டோஸில் மட்டும் ஓடும். பலவகைக் கேமரா கோப்புகளை மாற்றாமலேயே டைம்லைனில் போட்டு, ரெண்டர் செய்யாமல் (கணக்கிட்டுப் புது வீடியோவாக எழுதும் வரை காத்திருக்காமல்) ஓட்டிப் பார்க்கலாம் என்பது அதன் நற்பெயருக்குக் காரணம். நாலைந்து மணி நேரக் கல்யாணத்தை ஒரே டைம்லைனில் போட்டு வேகமாக வெட்டுகிறவர்களைப் பார்த்தால் கை கீபோர்டிலிருந்து எழாது.

வீட்டில் தனியாகக் கற்றுக்கொள்ள இதை நான் சொல்ல மாட்டேன். கற்றுத்தரும் பொருள் இணையத்தில் மற்றவற்றை விடக் குறைவு, கல்யாண வேலைக்கு வெளியே இதைக் கேட்கிறவர்களும் குறைவு. ஒரு கடையில் சேர்ந்து கற்கப் போகிறீர்கள், அங்கே எடியஸ்தான் ஓடுகிறது என்றால், தயங்காமல் அதையே கற்றுக்கொள்ளுங்கள். வெட்டும் இடத்தைக் கண்டுபிடிக்கும் கண் எந்த மென்பொருளிலும் ஒன்றுதான், அது அங்கே வேகமாகப் பழகும்.

### ஷாட்கட், கேடென்லைவ்

இரண்டும் முழு இலவசம், திறந்த மூல மென்பொருள்கள். ஷாட்கட் தானே சொல்லும் கணக்கு இது: ஃபுல் எச்டிக்கு 8 ஜிபி, 4கேவுக்கு 16 ஜிபி ரேம். அதாவது நம்மில் பலரிடம் இருக்கும் லேப்டாப் இதன் கணக்குக்குள் வந்துவிடுகிறது. இரண்டிலும் ப்ராக்ஸி வசதி உண்டு. கனமான வீடியோவுக்குப் பதிலாக அதன் சின்ன நகலை வைத்து எடிட் செய்து, கடைசியில் அசலை வைத்து எக்ஸ்போர்ட் செய்யும் முறை அது. பழைய மெஷினில் இது உயிர் காக்கும்.

போனில் எடுத்த வீடியோவில் ஃபிரேம் வேகம் கூடிக் குறையும். அதனால் போகப் போக உதடும் குரலும் ஒட்டாமல் விலகும். ஷாட்கட்டில் அப்படிப்பட்ட கிளிப்பைத் திறந்தால் மாற்றித் தரட்டுமா என்று அதுவே கேட்கும், சரி என்று சொல்லுங்கள். மற்ற மென்பொருள்களில் ஹேண்ட்பிரேக் என்ற இலவசக் கருவியில் முதலில் மாற்றிக்கொள்ளலாம்.

குறை என்னவென்றால், கலர் கருவிகள் ரிசால்வ் பக்கத்தில்கூட வராது. பயோடேட்டாவில் ‘ஷாட்கட் தெரியும்’ என்று போட்டால் வேலை கொடுப்பவருக்குப் புரியாது. முதல் வருடத்துக்கு அது கவலையில்லை.

## இசைக்கும் ஒலிக்கும் மூன்று வழிகள்

### ரீப்பர்

ஒலியைப் பதிந்து, வெட்டி, மிக்ஸ் செய்யும் மென்பொருள், காகோஸ் நிறுவனத்துடையது. வினாம்ப் பிளேயரை உருவாக்கிய ஜஸ்டின் ஃபிராங்கல் செய்தது. டவுன்லோட் சில பத்து எம்பிக்குள் முடியும். பழைய மெஷினிலும் ஓடும், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 60 நாள் எல்லா வசதியோடும் இலவசமாகப் பார்க்கலாம். தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் உரிமம் 60 டாலர், ஒரே முறை. 60 நாளுக்குப் பிறகும் அது பூட்டிக்கொள்ளாது, திறக்கும்போது நினைவூட்டும். அதற்காகப் பணம் கட்டாமலேயே ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. முதல் வேலையில் காசு வந்ததும் வாங்கிவிடுங்கள். நேர்மையாக நம்பித் தருகிறவர்களுக்கு நாமும் நேர்மையாக இருக்க வேண்டும்.

இதை நான் விரும்பிச் சொல்வதற்குக் காரணம், நம் பக்கத்து வேலைக்கு இது பொருந்துகிற விதம். ஒரு கூத்தை எடுத்துக்கொள்வோம். இரவு பத்துக்குத் தொடங்கி விடியும் வரை ஓடும். கையடக்க ரெக்கார்டரில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி. வேவ் கோப்பு ஒன்று 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால் ரெக்கார்டர் துண்டு துண்டாகத்தான் எழுதும். அந்தத் துண்டுகளை ரீப்பரில் வரிசையாகப் போட்டால் ஒட்டிக்கொள்ளும். கேமராவின் ஒலியைப் பக்கத்துத் தடத்தில் வைத்து, ஆட்டம் தொடங்கும் தாள அடியை அடையாளமாக வைத்துப் பொருத்த வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கேமராவின் உள்கடிகாரமும் ரெக்கார்டரின் உள்கடிகாரமும் துல்லியமாக ஒன்றாக ஓடாது. தொடக்கத்தில் கச்சிதமாகப் பொருந்திய ஒலி, மூன்று நான்கு மணி நேரம் போனதும் கண்ணுக்குத் தெரிகிற அளவு விலகியிருக்கும். ஒவ்வொரு காட்சி மாற்றத்திலும் ஒரு மத்தள அடியைப் பிடித்து மறுபடி பொருத்திக்கொண்டே போக வேண்டும். ஒன்பது மணி நேரத் தடத்தை 8 ஜிபி லேப்டாப்பில் திணறாமல் இழுத்துத் தள்ளி இதைச் செய்ய ரீப்பரில் முடிகிறது.

மின்விசிறியின் உறுமலையும் ஜெனரேட்டர் இரைச்சலையும் குறைக்க அதனுடனேயே வரும் ரீஃபிர் என்ற கருவி உதவும். யாரும் பேசாத ஒரு சில நொடி இரைச்சலை அதற்குக் காட்டினால், அதைக் கற்றுக்கொண்டு மற்ற இடங்களில் கழிக்கும். அளவோடு செய்யுங்கள். அதிகமாகக் கழித்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிடும்.

குறை: உள்ளே இசைக்கருவிகள் என்று சொல்லத்தக்கதாக எதுவும் இல்லை. பியானோ, டிரம், ஸ்டிரிங்ஸ் எல்லாம் வெளியிலிருந்து பிளகின்களாக (கூடுதலாக இணைக்கும் சின்ன மென்பொருள்கள்) தேடிச் சேர்க்க வேண்டும். முதல் நாளே பீட் போட்டு மகிழ நினைப்பவருக்கு வெறும் வெள்ளைத் தாளைக் கொடுத்த மாதிரி இருக்கும்.

### எஃப்எல் ஸ்டூடியோ

பீட்டும் பாட்டும் கட்டும் மென்பொருள், பெல்ஜியத்தின் இமேஜ்-லைன் நிறுவனத்துடையது. 1997இல் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் வந்தது. கீபோர்டு வாசிக்கத் தெரியாதவரும் மவுசால் கட்டம் கட்டமாக அடித்து ஒரு பீட்டைக் கட்டலாம். ஸ்வரங்களைக் கட்டங்களில் வரையும் அதன் பியானோ ரோலுக்கு நிகரில்லை என்று சொல்லும் இசையமைப்பாளர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். உள்ளேயே சிந்தசைசர்களும் டிரம்மும் வருகின்றன. ஒருமுறை வாங்கினால் பின்னால் வரும் புதிய பதிப்புகள் ஆயுள் முழுவதும் இலவசம். இப்படிக் கொடுக்கிற நிறுவனங்கள் மிகக் குறைவு.

சோதனைப் பதிப்பில் எல்லாம் செய்யலாம், சேமிக்கலாம், பாட்டாக எக்ஸ்போர்ட்டும் செய்யலாம். சேமித்த ப்ராஜெக்டைத் திரும்பத் திறக்க மட்டும் முடியாது. ஒரே உட்காரலில் முடிக்கும் சின்னப் பயிற்சிகளுக்கு இது போதும். வாங்கும்போது பல படிகளில் விலை இருக்கும். நீங்கள் குரல் பதியப் போகிறீர்கள் என்றால், மிகக் குறைந்த விலைப் படியில் அது எந்த அளவுக்கு இருக்கிறது என்று அன்றைய ஒப்பீட்டுப் பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நம் ஓசைகள் அதில் கிடையாது. பம்பை, உடுக்கை, சிலம்பு என்று தேடினால் கிடைப்பவை சொற்பம், கிடைத்தாலும் எங்கோ எடுத்தவை. மயானக் கொள்ளைக்குப் பாலாற்றங்கரையில் பம்பை அடிக்கிறவர்கள் நம்மிடமே இருக்கிறார்கள். அவர்களிடம் அனுமதி கேட்டு, உரிய பணம் கொடுத்து, ஒவ்வொரு அடியையும் தனித்தனியாகப் பதிந்து வைத்துக்கொண்டால், வேறு யாரிடமும் இல்லாத தொகுப்பு உங்களிடம் இருக்கும். பதிவதற்கு ரீப்பர், அடுக்கிக் கட்டுவதற்கு எஃப்எல் என்று இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதில் தவறே இல்லை.

### மேக் வைத்திருப்பவருக்கு

வீட்டில் ஏற்கெனவே மேக் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஆப்பிளின் இசை மென்பொருளான கேரேஜ்பேண்ட் இலவசம். அதில் பழகியதெல்லாம் பின்னால் அதன் பெரிய அண்ணனான லாஜிக் புரோவுக்கு அப்படியே உதவும். ஏ.ஆர். ரஹ்மான் 2008இல் சென்னையில் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி போன்ற இடங்களுக்குப் போக நினைப்பவருக்கும் லாஜிக் பழக்கம் நல்லது. இதற்காகவே புதிதாக மேக் வாங்குவதை மட்டும் நான் ஆதரிக்கவில்லை. அந்தப் பணத்தில் பழைய லேப்டாப்புக்கு ரேமும் எஸ்எஸ்டியும் போட்டு, மைக்கும் ஹெட்ஃபோனும் வாங்கி, இன்னும் மிச்சம் பிடிக்கலாம்.

குரல் பதிவு மட்டும்தான், பாட்டு இல்லை என்றால் ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருள் போதும். மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் அதற்கான பாடங்கள் இலவசமாக இருக்கின்றன.

## ஒரே பார்வையில்

| மென்பொருள் | 8 ஜிபி லேப்டாப்பில் | பணம் | எங்கே சிறப்பு | எங்கே இடிக்கும் |
|---|---|---|---|---|
| ரிசால்வ் | திணறும் | இலவசம். ஸ்டூடியோ 295 டாலர் | கலர், எல்லாம் ஒரே இடத்தில் | மெஷின், டேட்டாபேஸ் பேக்கப் |
| பிரீமியர் | சுமாராக | சந்தா மட்டும் | சென்னை வேலை, அடோபி குடும்பம் | சீசன் இல்லாத மாதங்கள் |
| எடியஸ் | எச்டிக்குப் பரவாயில்லை | ஒருமுறை உரிமம் | கல்யாண மிக்ஸிங் கடை | தனியாகக் கற்பது |
| ஷாட்கட், கேடென்லைவ் | ஓடும் | இலவசம் | பழைய மெஷின், முதல் வருடம் | கலர், வேலைச் சந்தை |
| ரீப்பர் | நன்றாக ஓடும் | 60 டாலர் | நீண்ட பதிவு, குரல், ஒலி சீர்செய்தல் | கருவிகள் உள்ளே இல்லை |
| எஃப்எல் ஸ்டூடியோ | ஓடும், பிளகின் கூடினால் தடுமாறும் | ஒருமுறை, பல படிகள் | பீட், இசையமைப்பு | மணிக்கணக்கான பதிவுகள் |

## விலைப் பட்டியலில் வராத செலவுகள்

டிஸ்க் இடம்தான் முதல் அடி. 4கே கேமரா நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எழுதினால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. விடிய விடிய ஒரு கூத்து எடுத்தால் 400 ஜிபியைத் தொட்டுவிடும். அதற்கு ஒரு நகலும் வேண்டும். ஆகவே கூத்துக்கு ஃபுல் எச்டி போதும் என்பது என் முடிவு. மிச்சப்படும் பணத்தை மைக்கில் போடுங்கள்.

ஒலிக்கு, மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும். லேப்டாப்பின் சொந்த மைக் துளையில் பாடகர் பாடினால், அவர் குரல் அவர் காதுக்கே தாமதமாகத் திரும்பி வரும். இன்டர்ஃபேஸ் இல்லாத நாட்களில் ஆசியோஃபோர்ஆல் என்ற இலவச டிரைவர் ஓரளவு கைகொடுக்கும். பஃபர் அளவை (ஒரு தடவையில் சேர்த்துக் கையாளும் ஒலித் துண்டு) 256 சாம்பிளில் வைத்தால், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு பஃபருக்கு 5 மில்லி செகண்டுதான் தாமதம். 1024 என்றால் 21. பதியும்போது குறைவாக வையுங்கள், மிக்ஸ் செய்யும்போது கூட்டிக்கொள்ளுங்கள். ப்ளூடூத் ஹெட்ஃபோன் இந்த வேலைக்கு உதவாது, வயர் உள்ளதுதான் வேண்டும்.

அறை. வேலூர்க் கோடையில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாடச் சொல்வது கொடுமை, ஓடவிட்டால் அதன் காற்று மைக்கில் விழும். விடியற்காலையில் பதிவது ஒரு வழி. வண்டிச் சத்தமும் அப்போது குறைவு. சர்ச் பாடகர் குழுக்களைப் பதிகிறவர்கள் ஆலயத்துக்குள்ளேயே அந்த நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அங்கே இயல்பாக எழும் எதிரொலியைப் பிறகு எந்த பிளகினாலும் செய்ய முடியாது.

மின்சாரம். டெஸ்க்டாப் என்றால் யூபிஎஸ் கட்டாயம். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் மின்தடை வரும் நாளை முன்பே பார்த்து வைத்து, நீண்ட ரெண்டரை முந்தின இரவில் போடுங்கள்.

அப்புறம், கிராக். அது இலவசம் இல்லை. வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டு ஓட்டச் சொல்லும் கோப்பை, ஒரு குடும்பத்தின் கல்யாண வீடியோ இருக்கும் மெஷினில் எப்படி நம்பி ஓட்டுவது? முழு டிஸ்க்கும் பூட்டப்பட்டுப் பணம் கேட்டு மிரட்டும் நிலை வந்தால், அந்தத் தாலி கட்டும் காட்சியைத் திரும்ப எடுக்க முடியாது. இலவசமாகவும் 60 டாலருக்கும் நேர்மையான வழிகள் இருக்கும்போது இதற்குத் தேவையே இல்லை.

## யாருக்கு எது

8 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் இல்லை, இரண்டும் கற்க ஆசை: ரீப்பரும் ஷாட்கட்டும். இந்தப் பக்கத்தில் என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். முதல் மூன்று மாதம் ரீப்பரில் மட்டும் இருங்கள். குரல் பதிவது, ஈக்யூ (கனத்த, மெல்லிய ஒலிகளைக் கூட்டிக் குறைப்பது), கம்ப்ரசர் (உரத்த ஒலிக்கும் மெதுவான ஒலிக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைப்பது), அளவு மீட்டரைப் படிப்பது இவை கையில் வந்துவிட்டால் எந்த வீடியோ மென்பொருளுக்குப் போனாலும் கூடவே வரும்.

16 ஜிபியும் தனி கிராபிக்ஸ் கார்டும் உண்டு என்றால் ரிசால்வ். ஃபேர்லைட் பகுதியைத் தள்ளிப்போடாமல் எடிட் பகுதியோடு சேர்த்தே படியுங்கள். மணிக்கணக்கான பதிவுகளுக்கு அப்போதும் ரீப்பரைக் கூட வைத்துக்கொள்வது நல்லது.

பாட்டு போட வேண்டும், ஆல்பம் சாங் பண்ண வேண்டும், கூத்தோ கல்யாணமோ என் வழியில்லை என்கிறவர் எஃப்எல் ஸ்டூடியோவுக்கே போகலாம். சோதனைப் பதிப்பில் ஒரு மாதம் பழகி, தினமும் திறக்கத் தோன்றுகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கல்யாண வேலைதான் சம்பாத்தியம் என்றால், சேரப் போகும் கடையில் என்ன ஓடுகிறது என்று கேட்டுவிட்டு அதைப் படியுங்கள். கல்யாண வீடியோவில் சினிமாப் பாட்டைப் போட்டு யூடியூபில் ஏற்றினால் உரிமைக் கோரல் வரும் என்பதை வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அந்த இடத்தில் நாதஸ்வரத்தை நீங்களே சுத்தமாகப் பதிந்திருந்தால் அதையே பின்னணியாக வைக்கலாம். வாசித்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சென்னையில் எடிட்டர் வேலை என்றால் பிரீமியர். ஆனால் கற்கும் காலம் முழுவதும் சந்தா கட்ட வேண்டியதில்லை. வெட்டும் பழக்கத்தை இலவச மென்பொருளில் வளர்த்துக்கொண்டு, இன்டர்வியூவுக்கு இரண்டு மாதம் முன்பு மாறினால் போதும்.

## கிளாஸில் சேரலாமா

தரமணியில் இருக்கும் தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனத்தில் படத்தொகுப்பும் ஒலிப்பதிவும் நான்காண்டுப் பட்டப்படிப்புகளாக இருக்கின்றன. பிளஸ் டூ முடித்து, இதுதான் வாழ்க்கை என்று உறுதியாக இருப்பவர் அதற்கு விண்ணப்பித்துப் பார்க்க வேண்டும். தனியார் வகுப்பின் கட்டணத்தைக் கேட்டு மலைத்துப் போனவர்கள்கூட அரசு நிறுவனம் ஒன்று இருப்பதை அறியாமல் இருக்கிறார்கள். காட்பாடியிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம்தான், தினமும் போய்வருவது கஷ்டம் என்றாலும் வார இறுதிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஊரிலேயே தனியார் மையத்தில் சேர்வதாக இருந்தால், பணம் கட்டும் முன் சிலவற்றைக் கேளுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டரா, பகிர்ந்து உட்கார வேண்டுமா? அங்கே ஓடும் மென்பொருளுக்கு உரிமம் இருக்கிறதா? சொல்லித்தருகிறவர் கடந்த ஒரு வருடத்தில் முடித்த வேலை ஒன்றைக் காட்டுவாரா? படிப்பு முடியும்போது உங்கள் கையில் சான்றிதழ் தவிர முடித்த வீடியோ எத்தனை இருக்கும்? ஒலிக்கு எத்தனை வகுப்பு? கடைசிக் கேள்விக்குப் பதில் “அது கடைசி வாரத்தில் சொல்லித்தருவோம்” என்று வந்தால், அந்தப் பணத்தில் ஒரு இன்டர்ஃபேஸும் மைக்கும் வாங்கிக்கொண்டு, சனி ஞாயிறுகளில் ஏதாவது ஒரு மிக்ஸிங் கடையில் போய் உட்கார அனுமதி கேளுங்கள்.